கமிட்டிக்காரரின் பயம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கச்சேரி பேச வருகிறவர்கள் பாட்டைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பார்கள். மொத்தம் எத்தனை ஆள், வண்டி எத்தனை மணிக்கு ஊருக்குள் வரும், சாப்பாடு யார் பொறுப்பு, பாடுகிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் உடை மாற்ற வீடு பார்க்க வேண்டுமா, குழுவில் தண்ணி போடுகிறவன் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எல்லாம் முடிந்து எழுந்து செருப்பை மாட்டும்போதுதான், "பாட்டெல்லாம் நல்லா பாடுவியள்லா?" என்று வரும். "ஆமா அண்ணாச்சி" என்றால் போதும். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

கீபோர்டு வாசிக்கிறவனாக இந்தத் தொழிலுக்கு வந்து, பிறகு குழு நடத்துகிறவனாக ஆனவன் நான். தேதி பிடிப்பதும் என் வேலைதான். புதிதாகக் குழு தொடங்கும் பையன்கள் என்னைத் தேடி வருவார்கள். "அண்ணே, நாங்க நல்லாத்தான் வாசிக்கோம், ஏன் ஒரு புரோகிராமும் அமைய மாட்டேங்கு?" என்பார்கள். உண்மையிலேயே நன்றாக வாசிக்கிறவர்கள்தான். ஆனால் கச்சேரி பேச வருகிற கோயில் கமிட்டிக்காரர் மனதில் ஒரு பயத்தோடு வந்து உட்காருகிறார். அந்தப் பயத்தை எவன் போக்குகிறானோ அவனுக்குத் தேதி. இத்தனை வருஷத்தில் நான் கற்றது சுருக்கமாக இவ்வளவுதான்.

கொடைப் பணம் ஊர்ப் பணம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். சென்னையில் கடை வைத்திருக்கிறவர், மும்பையில் குடியேறியவர், வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் எல்லாரும் வரி கட்டி, அதற்கு மேல் நன்கொடையும் அனுப்புவார்கள். வெளியூர்க்காரர்கள் மொத்தமாக ஊருக்கு வருகிற நாளும் கொடைதான். கொடை முடிந்து கணக்கு ஒப்படைக்கும் கூட்டத்தில் பந்தலுக்கு எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று வாசித்து வருவார்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். கச்சேரிக்கு எவ்வளவு என்று வாசித்ததும் நாலு பேர் எழுந்திருப்பார்கள். வில்லும் மேளமும் சாமி காரியம், அதில் குறை சொல்ல யாருக்கும் நாக்கு வராது. கச்சேரி மட்டும் மனிதர்களுக்கு. அதனால் அதைப் பேசி முடித்தவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். குழு வராமல் போனால், நடுவில் அடிதடியானால், பக்கத்து ஊர்க் கொடையைவிடக் கூட்டம் குறைந்தால், அடுத்த கொடை வரை அவர் பெயர் டீக்கடையில் உருளும். பழைய குழு சுமாராகப் பாடினாலும் சொன்ன நேரத்துக்கு வந்து சேரும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத புதுக் குழுவை நம்பி அவர் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்?

ஆகவே புதுக் குழு முதலில் தேட வேண்டியது கமிட்டிக்காரரை அல்ல. அவர் ஏற்கெனவே நம்புகிற ஓர் ஆளை. எங்கள் பக்கத்தில் அந்த ஆள் மைக் செட்காரர். கல்யாணம், சடங்கு, கொடை, கட்சிக் கூட்டம், துட்டி வீடு என்று ஊரில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் இருப்பார். எந்தக் குழு எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு வந்தது, எந்தக் குழுவில் பாடகரும் தபேலாக்காரரும் மேடையிலேயே சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சீரியல் செட், டியூப் லைட்டுக்கு விலை பேச அவர் கமிட்டிக் கூட்டத்துக்கு எப்படியும் போவார். "கச்சேரிக்கு யாரக் கூப்பிடலாம்வே?" என்ற கேள்வி அங்கே அவரிடம்தான் வரும்.

அவர் வாயில் நம் குழுவின் பெயர் வர வேண்டுமானால் அவருக்கு நம்மால் தொல்லை இருக்கக் கூடாது. மேடைக்குப் போகும் முன்பே என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: பாட்டுக்கு நாலு மைக், தபேலாவுக்கும் டோலக்குக்கும் மூன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று, இரண்டு கீபோர்டும் ஆக்டோபேடும் பேஸ் கிட்டாரும் லைனில், பாடுகிறவர்களுக்கு இரண்டு மானிட்டர். இப்போது அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். லைன் கொடுக்கும் ஒயர்களை நாமே கொண்டுபோக வேண்டும். கிராமத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும், கீபோர்டுக்கு ஒரு ஸ்டெபிலைசரும் கையோடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "மைக் செட் சரியில்ல" என்று மேடையில் மைக்கிலேயே சொல்லக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு வட்டாரத்தையே இழந்த குழுக்களை எனக்குத் தெரியும். மைக் விசில் அடித்தால் கையால் ஜாடை காட்டினாலே அவர் சரிசெய்துவிடுவார்.

இன்னொரு வழி, பெரிய குழுக்களில் ஆள் குறையும்போது போய் வாசிப்பது. இந்தத் தொழிலில் ஒரே பேடுகாரர் நாலு குழுவில் வாசிப்பது சாதாரணம். அப்படிப் போகிற இடத்தில் மேடை எப்படி நடக்கிறது, பணம் எப்போது கைமாறுகிறது, அறிவிப்பாளர் கூட்டத்தை எப்படிப் பிடித்து வைக்கிறார் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்தவர் குழுவில் வாசிக்கப் போன இடத்தில், அந்தக் கமிட்டிக்கு நம் விசிட்டிங் கார்டை நீட்டக் கூடாது. சட்டத்தில் இதற்குத் தண்டனை கிடையாது, தொழிலில் உண்டு. அடுத்த வாரம் எந்தக் குழுவும் கூப்பிடாது.

இலவசமாக வாசித்துப் பேர் எடுக்கலாமா என்று பையன்கள் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். இலவசமாக வந்தவனுக்கு ஊரில் ஒரு விலை விழுந்துவிடும். அடுத்த வருஷம் பணம் கேட்டால், "போன வருசம் சும்மா வந்தானே" என்பார்கள். அதற்குப் பதில் சொந்தத் தெருப் பிள்ளையார் சதுர்த்தி, பள்ளிக்கூட ஆண்டு விழா, தெரிந்தவர் வீட்டு வரவேற்பு என்று சின்ன மேடைகளில் சின்னப் பணத்துக்கு வாசியுங்கள். வாங்குவது வேன் வாடகைக்கு மட்டும் போதுமானதாக இருந்தாலும் வாங்கிவிடுங்கள். பணம் கொடுத்தவர்தான் நாம் செய்த வேலையைப் பற்றி நாலு இடத்தில் பேசுவார்.

தேதி எப்போது பேசப்படும் என்பதைத் தெரிந்துகொள்வது பாதி வேலை. எங்கள் வட்டாரத்தில் சித்திரை, வைகாசியில் கொடைகள் நெருக்கமாக வரும். ஆடியில் கல்யாணம் கிடையாது, அந்த இடத்தை அம்மன் கோயில்கள் நிரப்பும். ஆவணியில் கல்யாணமும் உண்டு, கொடையும் உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வச் சாஸ்தா கோயில்களில் கூட்டம் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தாலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நிகழ்ச்சிகள் இருக்கும். கோயிலில் கால் நாட்டுவதற்கு வெகு முன்பே விழா நோட்டீஸ் அச்சுக்குப் போய்விடும். அதில் "மாபெரும் இன்னிசைக் கச்சேரி" என்ற வரிக்குக் கீழே ஒரு பெயர் ஏறிவிட்டால் கதவு மூடிவிட்டது. கொடைக்குப் பத்து நாள் முன்பு கமிட்டிக்காரர் வீட்டில் போய் நின்றால் மோர்தான் கிடைக்கும்.

இதில் புதியவர்களுக்குச் சாதகமான ஒரு சங்கதி உண்டு. அம்மன் கொடை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான், சுடலைமாடன் கொடை என்றால் வெள்ளி. ஆடி மாதத்துச் செவ்வாய் ஒன்றில் எத்தனை ஊரில் கொடை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அன்றைக்குப் பெயர்பெற்ற குழு எதுவும் காலியாக இருக்காது. வரி பிரிப்பதில் இழுபறியாகிக் கடைசியில் கச்சேரி பேசுகிற ஊரும் இருக்கும், பேசி வைத்த குழு கைவிட்ட ஊரும் இருக்கும். அன்று காலியாக இருக்கும் புதுக் குழுவுக்குக் கமிட்டிக்காரர் தானே போன் போடுவார். எங்களுக்கு அமைந்த நல்ல ஊர்களில் சில இப்படி வந்தவைதான். அதனால் அந்தச் செவ்வாய்களில் சில்லறை வரவேற்பு நிகழ்ச்சிகளை ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

போன் வந்ததும் அவர் கேட்பது, "ஏதாச்சும் வீடியோ இருக்கா தம்பி?" என்றுதான். முன்பெல்லாம் கேசட் கொடுத்தோம், பிறகு சி.டி., இப்போது யூடியூப் லிங்க். பல குழுக்கள் ஸ்டூடியோவில் பதிவு செய்த ஒலியை மேடைக் காட்சியோடு ஒட்டி, கேமரா சுழல, புகை வர, பளபளவென்று ஒன்றைத் தயார் செய்கின்றன. கமிட்டிக்காரர் அதை நம்புவதில்லை. அவர் பார்ப்பது மேடையை அல்ல, நாற்காலிகளை. கூட்டம் நிறைந்திருக்கிறதா, பெண்களும் வயதானவர்களும் உட்கார்ந்திருக்கிறார்களா, பையன்கள் மேடை மேல் ஏறாமல் இருக்கிறார்களா என்று பார்க்கிறார். ஆகவே ஒரே பாட்டு, வெட்டாமல், கூட்டத்தின் பின்னாலிருந்து எடுத்தது போதும். மேடை ஒலி அப்படியே இருக்கட்டும்.

பாட்டு வரிசை என்பது தனிக் கலை. அதிலும் பயம்தான் முதலில் வரும். பிள்ளையாரில் தொடங்கி முருகன், பிறகு அந்தக் கோயில் சாமி. அம்மன் கோயிலில் எல்.ஆர். ஈஸ்வரி பாடல்கள் இரண்டேனும் இல்லாமல் இறங்க முடியாது. அதைப் பாட நல்ல கனத்த குரல் உள்ள பாடகி வேண்டும். மெல்லிய குரலில் பாடினால் முன்வரிசைப் பாட்டிமார்களே எழுந்து போய்விடுவார்கள். கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வந்துவிட்டால் பாட்டை எப்போது நீட்டுவது, எப்போது நிறுத்துவது என்று டோலக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோயிலுக்குள் பூஜை மணி கேட்டால் பாதிப் பல்லவியிலும் நிறுத்திவிட வேண்டும். பக்திக்குப் பிறகு எம்.ஜி.ஆருக்கு ஒன்று என்றால் சிவாஜிக்கு ஒன்று. அது பழைய கணக்கு. இப்போது விஜய்க்கு ஒன்று என்றால் அஜித்துக்கு ஒன்று. நடுவில் இளையராஜாவும் ரஹ்மானும் இருப்பதால்தான் ஊர் ஒற்றுமையாக இருக்கிறது.

சாதிப் பெருமை பேசும் பாட்டு எதுவும் கிடையாது என்பதைப் பேசும்போதே நாமாகச் சொல்லிவிட வேண்டும். தென் மாவட்டத்தில் ஒரு பாட்டு ஒரு கலவரத்துக்குப் போதும். ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகிற வழக்குகளில், ஆபாசம் கூடாது, சாதி, மதம், கட்சி தொடர்பான பாட்டோ பேச்சோ கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை விதிப்பது வழக்கமாகிவிட்டது. காவல் நிலையத்திலும் அதையே எழுதி வாங்குகிறார்கள். அதில் கையெழுத்துப் போடுகிறவர் கமிட்டிக்காரர். "எங்க லிஸ்ட்ல அந்த மாதிரி ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி, முழு லிஸ்டையும் இன்னைக்கே தாரேன்" என்று ஒரு புதுக் குழு சொன்னால், அவர் முகத்தில் தெளிவு வருவதை நேரில் பார்க்கலாம்.

சீட்டு விஷயமும் இதோடு சேர்ந்தது. பாட்டு கேட்டுச் சீட்டு வரும், கூடவே ரூபாய் நோட்டும் வரும், அன்பளிப்பு கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிக்கவும் வேண்டும். யார் பெயர் முதலில் வந்தது, யார் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் சொன்னார்கள் என்பதில் சண்டை தொடங்கும். நாங்கள் வைத்திருக்கும் முறை இது: சீட்டு எதுவும் நேராக மேடைக்கு வரக் கூடாது. கமிட்டி ஓர் ஆளை நிறுத்த வேண்டும், அவர் கையிலிருந்து வருவதை மட்டும் அறிவிப்பாளர் வாசிப்பார், எல்லார் பெயருக்கும் ஒரே மரியாதை. பேச்சு முடிக்கும்போதே இதைச் சொல்லிவிடுவோம். பாட்டைப் பற்றி ஒன்றுமே கேட்காதவர்கூட இதைக் கேட்டதும், "வெவரமான ஆளுதான்" என்று பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார்.

நேரக் கணக்கு எங்கள் காலத்திலேயே மாறிப்போனது. சின்ன வயதில் நான் கேட்ட கச்சேரிகள் விடிய விடிய நடந்தவை. 2000-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்துக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரைக்கும் தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை நம்பி ஒரு சின்ன ஊர் கச்சேரி பேச முடியாது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்துவிட்டது. ஆறு மணி நேரக் கச்சேரி மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. ஏழு மணிக்குத் தொடங்கினால் பேச்சு, அன்பளிப்பு எல்லாம் போக இருபத்தைந்து பாட்டுக்கு மேல் போகாது. எட்டரைக்குத் தொடங்கினால் கூட்டம் சூடேறும்போது காவலர் வந்து நிற்பார். எனவே புதுக் குழு மாலை நாலு மணிக்கே ஊரில் இருக்க வேண்டும். தாமதம் கமிட்டியால் வந்தாலும் மறுநாள் பழி குழுவின் மேல்தான் விழும்.

பணத்துக்கு வருவோம். பன்னிரண்டு பேர் கொண்ட குழு 60,000 ரூபாய்க்குப் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். மைக் செட் கமிட்டியுடையது. வேனுக்கு 7,000. நாலு பாடகர்களுக்குத் தலைக்கு 4,000 வீதம் 16,000. வாசிக்கிற ஏழு பேருக்கு 3,500 வீதம் 24,500. அறிவிப்பாளருக்கு 3,000. வழிச் சாப்பாடும் டீயும் 2,500. தேதி கொண்டுவந்தவருக்குப் பத்தில் ஒன்று, 6,000. கூட்டினால் 59,000. குழு நடத்துகிறவருக்கு நிற்பது 1,000. ஆக்டோபேடுக்குக் குச்சியும் கீபோர்டு பெட்டிக்குப் புதுப் பூட்டும் அதிலிருந்துதான். இந்தக் கணக்கைப் போடாமல் பேசப் போகிறவன், "அம்பதுக்கு முடிச்சுக்கிடுவோம் தம்பி" என்றதும் தலையாட்டிவிட்டு வந்து, வாசிக்கிறவர்கள் சம்பளத்தில் கை வைப்பான். அடுத்த புரோகிராமுக்கு அவர்கள் வர மாட்டார்கள், கடைசி நேரத்தில் வேறு ஆள் பிடிப்பான், கச்சேரி கெடும். ரேட்டைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஆளைக் குறையுங்கள். "பத்து பேரோட வாரோம் அண்ணாச்சி, புல்லாங்குழல் இருக்காது, ரெண்டாவது கீபோர்டு இருக்காது" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பன்னிரண்டு என்று பேசி பத்துப் பேராகப் போய் இறங்கினால், வேனிலிருந்து இறங்கும்போதே கமிட்டி தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

அட்வான்ஸ் வெற்றிலை பாக்கோடு வரும். அதை வாங்கிய பிறகு அதைவிடப் பெரிய தொகைக்கு வேறு ஊர் கூப்பிட்டாலும் போகக் கூடாது. குழுவை இரண்டாகப் பிரித்து ஒரே பெயரில் இரண்டு ஊருக்கு அனுப்பவும் கூடாது. தேதி, நேரம், ஆள் கணக்கு, மொத்தத் தொகை, வாங்கிய தொகை, மழை வந்தால் என்ன செய்வது, சாப்பாடு யாருடையது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. இதைக் கேட்டால் கோபிப்பார்களோ என்று பையன்கள் தயங்குகிறார்கள். கோபிக்க மாட்டார்கள். கணக்குக் கூட்டத்தில் காட்ட அவருக்கும் ஒரு தாள் வேண்டும். மீதிப் பணத்தைக் கச்சேரி முடிந்த பிறகு கேட்டால் பொருளாளர் வீட்டுக்குப் போயிருப்பார். நடுவில் கோலாட்டமோ பரிசளிப்போ நடக்கும் இடைவேளையில் பொறுப்பாளர் ஒருவர் கீழே இறங்கிப் போய் வாங்கிவிட வேண்டும்.

கல்யாண வரவேற்பில் பயம் வேறு மாதிரி. அங்கே பேசுகிறவர் பெண்ணைப் பெற்றவர் அல்லது மாப்பிள்ளையின் அண்ணன். சத்தம் அதிகமாகி வந்த சம்பந்திகள் பேசிக்கொள்ள முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவர் கவலை. முதல் ஒரு மணி நேரம் மெல்ல வாசிக்கும் குழுவை அவர்கள் மறப்பதில்லை. மேடையில் போட்டோ எடுக்கும்போது குத்துப் பாட்டு ஓடினால் புகைப்படக்காரருக்கே எரிச்சல் வரும். அவர் எரிச்சலை இலேசாக நினைக்க வேண்டாம். மண்டப மேலாளர், சமையல் மாஸ்டர், அலங்காரக்காரர், புகைப்படக்காரர் ஆகிய நாலு பேர்தான் அடுத்த முகூர்த்தத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று சொல்கிறவர்கள்.

ஒரே மதத்துப் பாட்டை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வருஷம் முழுக்கத் தொழில் செய்ய முடியாது. ஜூலை 26-இல் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் கொடி ஏறி ஆகஸ்ட் 5 வரை திருவிழா. கடற்கரை நெடுக ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புனிதர், ஒரு திருவிழா. பொட்டல்புதூர் போன்ற தர்காக்களில் கந்தூரி. நவராத்திரிக்குக் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசரா. வேடம் கட்டிய தசரா குழுக்கள் ஊர் ஊராகப் போகும்போது கூடவே போக வாசிக்கிறவர்களைப் பல நாளுக்குச் சேர்த்து அமர்த்துவார்கள். மாதா பாடல்களும் நாகூர் ஹனீபா பாடல்களும் அம்மன் பாடல்களைப் போலவே சுத்தமாகப் பாட வர வேண்டும். எங்கள் குழுவில் மாதா பாட்டை உருகிப் பாடியவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். அதை யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை.

2017-இல் புதிதாக ஒரு பயம் சேர்ந்தது. அந்த வருஷம் மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியம், இளையராஜா பாடல்களை அனுமதியில்லாமல் பாடக் கூடாது என்று தனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருப்பதாகச் சொன்னார். தொழில் தொடங்கிய நாட்களில் எஸ்.பி.பி. நடத்திய மெல்லிசைக் குழுவிலேயே வாசித்தவர் இளையராஜா. செய்தி வந்த வாரமே ஒரு கமிட்டிக்காரர், "நம்ம ஊருக்கும் நோட்டீஸ் வருமா?" என்று கேட்டார். இதற்குப் பதில் தெரிந்து வைத்திருப்பது குழு நடத்துகிறவர் கடமை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கின் பகுதியாகப் பாடுவதற்கும் கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டிய விழாக்கள் ஆகியவற்றுக்கும் விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரி, ஓட்டல்களின் புத்தாண்டு இரவு போன்றவற்றுக்கு அந்த விலக்கு கிடையாது. அவற்றுக்கு ஐ.பி.ஆர்.எஸ். போன்ற பாடல் உரிமை அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். அதை நிகழ்ச்சி நடத்துகிறவர் வாங்குவாரா, குழு வாங்க வேண்டுமா என்பதை அந்த ஒரு பக்கக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

போட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆடல் பாடல் வந்தது, டி.ஜே. வந்தது, குரல் நீக்கிய மைனஸ் ட்ராக்கைப் போட்டுவிட்டு இரண்டே பேர் பாடிவிட்டுப் போகும் குழுக்களும் வந்தன. 2006-இல் சூப்பர் சிங்கர் தொடங்கியதிலிருந்து நோட்டீஸில் "டி.வி. புகழ்" என்ற சொல் இல்லாமல் திருப்தி வருவதில்லை. தொலைக்காட்சியில் பாடிய ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சிறப்பு விருந்தினராக அழைத்துக்கொண்டால் புதுக் குழுவின் நோட்டீஸுக்கும் அது வலுதான். ஆனால் அவர் வருவதை உறுதி செய்யாமல் படத்தைப் போட்டுவிடாதீர்கள். ட்ராக்கோடு விலையில் போட்டி போட நம்மால் முடியாது. கையால் வாசிக்கும் குழுவுக்கு இருக்கும் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் ட்ராக் ஊமையாகிவிடும். டோலக்கையும் இரண்டு குரலையும் வைத்து நாங்கள் ஜெனரேட்டர் வரும்வரை கூட்டத்தை உட்கார வைத்திருக்கிறோம். பேசப் போகும்போது கருவிகளின் விலையைச் சொல்லிப் பெருமை அடிப்பதைவிட, இதைச் சொன்னால் அண்ணாச்சிமார்களுக்குப் புரியும்.

இப்போது வருகிற பையன்களில் சிலர் சொந்தப் பாட்டு வைத்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டு கேட்கிற ஊரில் எங்கள் பாட்டை எங்கே பாடுவது என்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக் குழு முதல் தடவை மேடையேறியபோது, இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அந்த மேடையை அமைத்துக் கொடுத்தது. அங்கே வந்தவர்கள் அந்தக் குழுவின் சொந்தப் பாட்டைக் கேட்கவே வந்தார்கள். அப்படி ஒரு மேடையை உங்கள் ஊரில் கல்லூரியிலோ நூலகத்திலோ நண்பர்களைக் கூட்டி நீங்களே போடலாம். அதற்கு எந்தக் கொடைக் கமிட்டியின் அனுமதியும் வேண்டியதில்லை. கொடையில் பாடுவதென்றால் நேரம் பார்த்து வையுங்கள். தொடக்கத்தில் வைத்தால் கூட்டம் கலையும், கடைசியில் வைத்தால் யாரும் இருக்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த இரண்டு பாட்டு நன்றாக எடுபட்ட உடனே மூன்றாவதாக, அறிமுகப் பேச்சு நீளாமல், ஒரே ஒரு சொந்தப் பாட்டு. அந்த ஊர்ப் பெயரோ, அந்த வட்டாரத்து விவசாயமோ, கடலோ அதில் வந்தால் இன்னொன்று பாடச் சொல்லிச் சீட்டு வரும்.

முதல் தேதியை யாரோ ஒருவருடைய சிபாரிசு வாங்கித் தரும். இரண்டாவது தேதிக்கு அது உதவாது. கச்சேரி நடக்கும்போதே பக்கத்து ஊர்க் கமிட்டியிலிருந்து ஒருவர் கூட்டத்தில் நின்றுகொண்டிருப்பார், கைதட்ட மாட்டார், சீட்டுக் கொடுக்க மாட்டார். கூட்டம் கலைந்து, நாற்காலி அடுக்கி, நாங்கள் ஒயர் சுற்றும் நேரத்தில்தான் மெல்ல மேடைக்குப் பக்கத்தில் வந்து, "ஒங்க நம்பரு குடுங்க தம்பி" என்பார். எங்களுக்கு வந்த ஊர்களில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் வந்தவை. அதனால் புதிதாகக் குழு தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லாரும் வேனில் ஏறித் தூங்கிவிடாதீர்கள். விலை பேசத் தெரிந்த ஒருவர், டைரியோடு, மேடைக்குக் கீழே நிற்கட்டும்.